35 எடுத்தாலே பாஸ்

ஏப்ரல் வந்தால் எங்கள் ஊரில் இரண்டு திருவிழா. ஒன்று உங்களுக்குத் தெரியும். ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லாந்து ஸ்டேட் யுனிவர்சிட்டியில் நடக்கும் தியாகராஜ ஆராதனை. 1978இலிருந்து நடக்கிறது. அந்த நாட்களில் சென்னை சபாக்களில் பாதி இங்கேதான் இருக்கும். ஊருக்குப் போகும்போது கிளீவ்லாந்தில் இருக்கிறேன் என்றால் "ஓ, ஆராதனை!" என்பார்கள். அடுத்த கேள்வி கேண்டீன் காபியைப் பற்றி இருக்கும்.

இன்னொரு திருவிழா உள்ளூர்க்காரர்கள் மட்டும் கொண்டாடுவது. கொண்டாடுவது என்பதைவிட, கூடி உட்கார்ந்து அழுவது. என்.எஃப்.எல். டிராஃப்ட். அமெரிக்கப் புட்பால் அணிகள் காலேஜில் ஆடி முடித்த பையன்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் மூன்று நாள். மற்ற ஊர்க்காரர்களுக்கு புட்பால் சீசன் செப்டம்பரில் தொடங்கும். எங்கள் கிளீவ்லாந்து ப்ரௌன்ஸ் அணியின் ரசிகர்களுக்கு அக்டோபர் முடிவதற்குள் சீசன் முடிந்துவிடும். அதற்குப் பிறகு "வர்ற டிராஃப்ட்ல யாரை எடுக்கலாம்" என்பது மட்டும்தான் பேச்சு. நான் இங்கே வந்து 16 வருஷம் ஆகிறது. ஆட்டங்களில் பலவற்றை மறந்துவிட்டேன். டிராஃப்ட் ராத்திரிகள் ஒவ்வொன்றும் நினைவில் இருக்கின்றன, யார் வீட்டில், என்ன சாப்பிட்டோம் என்பது வரைக்கும்.

டிராஃப்ட் என்றால் என்ன என்று அம்மாவுக்கு ஒருமுறை போனில் விளக்க வேண்டி வந்தது. கவுன்சிலிங் மாதிரிம்மா என்றேன். 2001இல் அப்பாவும் நானும் அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்குக்குப் போனோம். சர்டிபிகேட் எல்லாம் மஞ்சப்பையில். பையை அப்பா மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஹாலில் பெரிய திரை. ஒவ்வொரு காலேஜிலும் மிச்சமிருக்கும் சீட் எண்ணிக்கை அதில் ஓடும். நாங்கள் குறித்து வைத்திருந்த இடத்தில் 3 இருந்தது, 2 ஆனது, எனக்கு முன்னால் போனவன் எழுந்து வருவதற்குள் 0. அப்பா ஒன்றும் பேசவில்லை. பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். அதே ஹால், அதே திரைதான் டிராஃப்டும். வரிசையை மட்டும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். மார்க் குறைவாக வாங்கினவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். போன வருஷம் எல்லாரிடமும் உதை வாங்கின அணிக்கு முதல் உரிமை, சாம்பியனுக்குக் கடைசி. 32 அணி, ஏழு ரவுண்ட். பையன்களிடம் எந்த ஊர் வேண்டும் என்று கேட்பது கிடையாது.

"தோத்தவனுக்குத்தான் மொதல்ல குடுப்பாங்களா? நல்ல நாயமா இருக்கேப்பா" என்றாள் அம்மா. ஒரு நிமிஷம் கழித்து, "அப்ப ஒங்க டீமு இந்நேரம் நல்லா வந்திருக்கணுமே?" என்றாள்.

அதுதானே.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல் என்பவர், ஃபிலடெல்ஃபியா அணியின் முதலாளி. அவர் அணி அப்போது தோற்றுக்கொண்டே இருந்தது. காசுள்ள அணிகள் நல்ல பையன்களை அள்ளிக்கொண்டு போயின. 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட், அவர் ஊரிலேயே ஒரு ஓட்டலில். முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் சிகாகோ யுனிவர்சிட்டியின் ஜே பெர்வாங்கர். 1935இன் மிகச் சிறந்த காலேஜ் ஆட்டக்காரர் என்று கோப்பை வாங்கியவர். சம்பளம் ஒத்துவராததால் அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. பிற்பாடு நுரை ரப்பர் விற்கப் போனார். அதாவது டிராஃப்ட் வரலாற்றின் முதல் தேர்வே புஸ்வாணம். நான் எங்கள் அணியின் டிராஃப்டுகளைப் பற்றிப் புலம்பும்போதெல்லாம் பெர்வாங்கரை நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் ஆறுதல்.

ப்ரௌன்ஸ் கதையை முழுக்கச் சொன்னால் விடிந்துவிடும். 1995 சீசன் முடிந்ததும் அன்றைய முதலாளி அணியைப் பெயர்த்துக்கொண்டு பால்டிமோருக்குப் போய்விட்டார். அங்கே ரேவன்ஸ் என்று பெயர் வைத்து, 1996இல் தங்கள் முதல் டிராஃப்டில் முதல் ரவுண்டில் இரண்டு பேரை எடுத்தார்கள்: ஜோனதன் ஆக்டன், ரே லூயிஸ். இருவருமே இன்று மகா ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில். தேர்ந்தெடுத்தவர் ஆஸி நியூசம், ப்ரௌன்ஸுக்கே ஆடிப் பெயர் வாங்கினவர். மூன்று வருஷம் அணியே இல்லாமல் கிடந்த எங்களுக்கு 1999இல் அதே பெயரில் புது அணி கிடைத்தது. முதல் ஆள் டிம் கௌச், குவார்ட்டர்பேக். அன்றிலிருந்து இன்றுவரை எங்களுக்காக ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் 40 பேருக்கு மேல். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கிறவர். அந்த இடத்துக்கு ஆள் சரியாக அமைந்த ஊரில் அதே மனிதர் பத்துப் பதினைந்து வருஷம் ஆடுவார். எங்கள் ஊரில் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல இருந்துவிட்டுப் போவார்கள்.

2000ஆம் வருஷத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆறாவது ரவுண்டில் 183ஆவது ஆளாக ஸ்பெர்கன் வின் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தோம். 199ஆவதாக நியூ இங்கிலாந்து எடுத்த பையன் பெயர் டாம் பிரேடி, பிற்பாடு குவார்ட்டர்பேக்குகளிலேயே பெரிய ஆள் என்று பெயர் வாங்கினவர். மேலே போவோம்.

நான் சொல்ல வந்தது 2014.

நான் இங்கே வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எனக்குப் புட்பால் சொல்லிக்கொடுத்தவர். ஸ்டீல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1964 டிசம்பரில் பால்டிமோரை 27-0 என்று அடித்து ப்ரௌன்ஸ் சாம்பியன் ஆனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய காலம் அது. தொடங்கியபின் இன்றுவரை நாங்கள் அந்த ஆட்டத்துக்குப் போனதே இல்லை. அவர் வீட்டு நிலவறையில் பழுப்பு நிற சோபா, ஆரஞ்சு நிறக் கம்பளி, குளிர்பெட்டியின் மேல் பழைய ஹெல்மெட். அதன் முன்னால் உட்கார்ந்து டிராஃப்ட் பார்ப்போம். என் பங்குக்கு வீட்டிலிருந்து மசால் வடை. அவர் அதை ஹாட் சாஸில் தொட்டுச் சாப்பிடுவார், நான் கண்டுகொள்வதில்லை.

அந்த ராத்திரி எங்களிடம் முதல் ரவுண்டில் இரண்டு பிக், அதாவது ஆள் எடுக்கும் உரிமை. முதல் பிக்கில் எட்டாவதாக ஜஸ்டின் கில்பர்ட் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை எடுத்தோம். பிற்பாடு பெரிய நட்சத்திரமான ஆரன் டொனால்ட் என்பவர் 13 வரைக்கும் எடுக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார் என்பதை இங்கே நான் எழுதாமல் விட்டாலும் யாராவது கேட்பீர்கள், அதனால் எழுதிவிட்டேன். மணி ஏறிக்கொண்டே போனது. டெக்சஸிலிருந்து வந்திருந்த ஜானி மன்ஸீல் இன்னும் போகவில்லை. குள்ளம், துறுதுறு, காலேஜில் பந்தோடு ஓடி ஓடி எல்லாரையும் பைத்தியம் பிடிக்க வைத்தவன். டி.வி. கேமரா அவன் முகத்தை விட்டு நகரவே இல்லை. எங்களுடைய அடுத்த முறை 26ஆவது. திடீரென்று 22இல் எங்கள் பெயர்: ஃபிலடெல்ஃபியாவுக்கு மூன்றாவது ரவுண்ட் பிக் ஒன்றைக் கொடுத்து மேலே ஏறியிருந்தோம். மன்ஸீல். மேடைக்கு நடந்து வரும்போதே விரல்களைத் தேய்த்து, காசு எண்ணுகிற மாதிரி சைகை காட்டினான். நிலவறை அதிர்ந்தது. பெரியவர் எழுந்து ஆடினார், நானும் ஆடினேன், வடைத் தட்டு கீழே போனது.

மறுநாள் காலையில் நான் முதல் வேலையாக அவன் ஜெர்சியை வாங்கினேன். 2ஆம் நம்பர். வீட்டம்மா விலையைப் பார்த்துவிட்டு, "இந்தத் துணிக்கா நூறு டாலர்?" என்று கேட்டாள். அவன் எங்களுக்காக எட்டு ஆட்டம் தொடங்கினான், இரண்டில் ஜெயித்தோம். 2016 மார்ச்சில் அணி அவனை விட்டுவிட்டது. அந்த ஜெர்சி இன்றைக்கு எங்கள் சமையலறையில் வெட் கிரைண்டருக்கு அடியில் கிடக்கிறது. அதிர்வு தாங்குவதற்கு நல்ல துணி, மாவு சிந்தினால் துடைக்கவும் ஆகும். மன்ஸீலின் பெயரில் பாதி எழுத்து உளுந்து மாவில் ஊறிப் போயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆட்டம் பாட்டத்துக்கு மறுநாள் ராத்திரி, இரண்டாவது ரவுண்டில், 35ஆவது ஆளாக ப்ரௌன்ஸ் ஒருவரை எடுத்தது. நெவாடாவிலிருந்து வந்த ஜோயல் பிட்டோனியோ. கார்ட். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று, எதிராளி பாய்ந்து வந்தால் நெஞ்சால் தாங்குகிற வேலை. பந்து கைக்கே வராது. டி.வி.யில் அவர் பெயர் வருவதென்றால் ஏதாவது தப்பு செய்திருக்க வேண்டும். நான் அந்தத் தேர்வை முழுதாகப் பார்க்கக்கூட இல்லை. வடைக்கு ஊற வைப்பதற்காகவோ என்னவோ வீட்டுக்குப் போயிருந்தேன். பிட்டோனியோ எங்களுக்காக 12 சீசன் ஆடினார். ஏழு முறை ப்ரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அவருடைய ஜெர்சி என்னிடம் இல்லை.

2018இல் மறுபடி 35ஆவது இடம் எங்களுக்கு. எடுத்தது நிக் சப், ஜார்ஜியாவிலிருந்து வந்த ரன்னிங் பேக், பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர். 2019 தொடங்கித் தொடர்ந்து நான்கு சீசன் ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. டச் டௌன் அடித்தால் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்துமேட்டை விட்டு நடக்கிற மனுஷன் மாதிரி திரும்பி நடப்பார். 2023 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் அவர் முழங்கால் போனபோது, டி.வி.க்காரர்கள் அந்தக் காட்சியை மறுபடி காட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர் டி.வி.யை அணைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

35. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ். இதை நான் பெரியவரிடம் சொன்ன நாளிலிருந்து அவருக்கும் அது மந்திர எண் ஆகிவிட்டது. "தர்ட்டி ஃபைவ் இஸ் பாஸ்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார். ஜோசியம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பேரை வைத்து எண் கணிதம் போடக்கூடாது. ஆனால் எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். நாங்கள் உருப்படியாக எடுத்தவர்கள் பெரும்பாலும் யாரும் கைதட்டாதபோது எடுத்தவர்கள்.

முதல் ரவுண்டிலேயே உதாரணம் உண்டு. 2007இல் மூன்றாவது ஆளாக ஜோ தாமஸ். லெஃப்ட் டேக்கிள், அவரும் சுவர்தான். நியூயார்க்கில் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடைக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டு அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அதே நாள் 22ஆவதாக பிரேடி குவின் என்ற குவார்ட்டர்பேக்கையும் எடுத்தோம், அடுத்த வருஷத்து முதல் ரவுண்ட் பிக்கை டாலஸுக்குத் தூக்கிக் கொடுத்து. ஊர் மொத்தமும் குவினுக்குத்தான் வெடி வெடித்ததாம். குவின் மூன்று வருஷத்தில் போய்விட்டார். மீன் பிடித்தவர் 10,363 முறை தொடர்ச்சியாக, ஒரு முறைகூட ஓய்வுக்கு வெளியே போகாமல் களத்தில் நின்றார். 2017 அக்டோபரில் கைத்தசை கிழிந்தபோதுதான் முதல் தடவையாக வெளியே வந்தார். 2023இல் ஹால் ஆஃப் ஃபேம். அத்தனை வருஷத்தில் ப்ளே-ஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஆடக் கொடுத்துவைக்கவில்லை. சுவர் பலமாக இருந்தது. வீட்டுக்குள் குடியிருக்கத்தான் ஆள் இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது? தேர்ந்தெடுக்கிறவர்களுக்குக் கண் தெரியாததாலா? அப்படி நினைத்துத்தான் நானும் வருஷக்கணக்கில் திட்டினேன். அவர்களோ பையன்களைப் பார்க்காத பார்வை இல்லை. பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸில் ஒரு வாரம் கூட்டி வைத்து ஓடவிட்டு, தாவவிட்டு, எடை பார்த்து, விரித்த கையின் அகலம்கூட அளப்பார்கள். மதுரையில் மாட்டுத்தாவணி என்ற பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி வேறெதையோ நினைவூட்டும்: சுழி பார்ப்பது, பல்லைப் பிடித்துப் பார்ப்பது. அளக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள் என்பதையும், அளக்கிறவர்களில் பெரும்பாலோர் அப்படி இல்லை என்பதையும் கவனித்தபிறகு எனக்கு அந்த வாரத்தைப் பார்க்கப் பிடிப்பதில்லை. பார்க்கிறேன், அது வேறு.

இத்தனை அளந்தும் என்ன கிடைக்கிறது? கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் டிராஃப்ட் கணக்கை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். தேலர் 2017இல் நோபல் வாங்கியவர். ஒரே இடத்துக்கு ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவன், அடுத்து எடுக்கப்பட்டவனைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். 52 சதவீதம். பூவா தலையா போட்டால் 50. நடுவில் இருக்கும் அந்த இரண்டு சதவீதத்துக்காகத்தான் அடுத்த வருஷத்துப் பிக்கையும் அதற்கடுத்த வருஷத்துப் பிக்கையும் அடகு வைத்து மேலே ஏறுகிறார்கள். என் கட்சி இது: டிராஃப்ட் என்பது லாட்டரி. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை ஒழித்துவிட்டார்கள். இங்கே அதைக் கோட்டு சூட்டுப் போட்டு டி.வி.யில் நடத்துகிறார்கள். லாட்டரியில் ஒரே சீட்டை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறவன் மடையன். நூறு சீட்டாக வாங்கிக்கொள்ள வேண்டும். கீழே இறங்கு, இறங்கி நிறைய எடு.

பெரியவர் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. அவரிடம் பதிலும் தயாராக இருக்கிறது. 2016, 2017இல் எங்கள் அணியை நடத்தினவர்கள் நான் சொன்னதைத்தான் செய்தார்கள். 2016இல் இரண்டாவது இடத்தை ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றார்கள், பிறகு எட்டாவது இடத்தை டென்னஸிக்கு விற்றார்கள், பிக்குகளைச் சேர்த்தார்கள், சேர்த்தார்கள், சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு சீசனில் 32 ஆட்டம், ஒரு வெற்றி. 2017இல் 0-16. டிஷோன் கைஸர் என்ற இரண்டாவது ரவுண்ட் பையன் 15 ஆட்டம் தொடங்கி 15இலும் தோற்றான். 21 வயசு, பாவம். 2018 ஜனவரியில் உறைகிற குளிரில் ஆயிரக்கணக்கான பேர் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போனோம். சுற்றி வந்தால் பூஜ்யம் வரும், அதுதான் வேடிக்கை. சவப்பெட்டிகள்கூட வந்தன. வசூலான பணம் உணவு வங்கிக்குப் போனது. "சந்தையிலயே நின்னு காய்கறி வாங்கிக்கிட்டே இருந்தா சமையல் எப்போ?" என்பது பெரியவர் கேள்வி. அவர் சொன்னது ஆங்கிலத்தில், கொஞ்சம் கெட்ட வார்த்தை கலந்து. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சந்தையிலிருந்துதான் டென்ஸல் வார்ட், சப் இருவரும் வந்தார்கள் என்பதை நான் விடமாட்டேன். சீட்டு வாங்கியவரை 2017 டிசம்பரில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பரிசு விழுந்தபோது கவுண்டரில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

சிரித்துக்கொண்டு எழுத முடியாத பகுதி ஒன்று உண்டு. 2017இல் 12ஆவது இடம் எங்களுடையது. அதை ஹூஸ்டனுக்கு விற்றோம். அவர்கள் எடுத்தது டிஷான் வாட்சன் என்ற குவார்ட்டர்பேக். அடுத்து 2022 மார்ச்சில் அதே வாட்சனை ஹூஸ்டனிடமிருந்து வாங்கினோம். விலை மூன்று முதல் ரவுண்ட் பிக், கூடவே இன்னும் சில பிக், அவருக்கு 23 கோடி டாலர் முழு உத்தரவாதச் சம்பளம். அப்போது அவர்மேல் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் புகாரில் வழக்குப் போட்டிருந்தார்கள். லீக் அவருக்கு 11 ஆட்டம் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. முதல் மூன்று சீசனில் அவர் ஆடியது 19 ஆட்டம். ஆனால் அவர் 19 ஆட்டமும் ஜெயித்திருந்தால் என்ன? என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "அந்த அங்கிள் தப்புப் பண்ணலையாப்பா? அப்புறம் ஏன் நாம கைதட்டறோம்?" என்றாள். டிராஃப்ட் பிக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற என்னிடம் அதற்கு ஒரு வரி இல்லை. பெரியவரின் மனைவி அந்த வருஷம் ஆரஞ்சுக் கம்பளியை மடித்துப் பரணில் போட்டுவிட்டார். இன்னும் இறக்கவில்லை.

அந்த அடமானம் முடிந்தபிறகு வந்த முதல் டிராஃப்ட் 2025. எங்களுக்கு இரண்டாவது இடம். எல்லாருக்கும் தெரியும், எடுக்கப்போவது டிராவிஸ் ஹன்ட்டர். பந்து பிடிக்கவும் ஆடுவார், பிடிக்கவிடாமல் தடுக்கவும் ஆடுவார், ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும். பேட்டிங்கும் பௌலிங்கும் என்று நம்மாட்கள் நினைப்பார்கள். அதைவிட மோசம், மூச்சுவிடவே நேரம் கிடைக்காது. நானும் மனசுக்குள் என் கட்சியை மாற்றிக்கொண்டுதான் வடையோடு போனேன். லாட்டரியாவது ஒண்ணாவது, ஹன்ட்டர் வேணும். அப்போது திரையில் வந்தது: இரண்டாவது இடம் ஜாக்சன்வில்லுக்குப் போகிறது. எங்களுக்கு 5, 36, 126, அடுத்த வருஷத்து முதல் ரவுண்ட். பெரியவர் கையிலிருந்த பிரெட்ஸல் என் காதை உரசிக்கொண்டு போனது, நான்தான் டிரேட் செய்த மாதிரி. ஐந்தாவதாக வந்தவர் மேசன் கிரஹாம், முன்வரிசையில் மோதுகிற கனத்த ஆள், மிச்சிகனிலிருந்து. காலேஜ் புட்பாலில் எங்கள் ஓஹையோ மாநிலத்துக்கு மிச்சிகன் ஜென்மப் பகை; ஓஹையோக்காரன் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் பாக்கியவான்கள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே எனக்குப் புத்தி வந்துவிட்டது. நான் இத்தனை வருஷம் கேட்டது இதைத்தானே. கொடுத்தால் பிடிக்கவில்லை. கையில் இருக்கும்போது நட்சத்திரத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. அந்த வலியைத் தாங்கித்தான் அவர்கள் கீழே இறங்கியிருக்கிறார்கள். அடுத்த நாள் 33ஆவதாக கார்சன் ஷ்வெஸிங்கர் வந்தார். யு.சி.எல்.ஏ. யுனிவர்சிட்டியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து, பிறகு இடம் பிடித்தவர். முதல் சீசனிலேயே எங்கள் தடுப்பாட்டத்தின் நடுநாயகம் ஆனார். 36இல் குவின்ஷான் ஜட்கின்ஸ். 35 எங்களிடம் இல்லை. பெரியவர் அதற்கே சகுனம் சரியில்லை என்றார்.

பிறகு வந்தது குவார்ட்டர்பேக் கூத்து. ஷெடூர் சாண்டர்ஸ், அப்பா டியான் சாண்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேமர். முதல் ரவுண்டில் போவார் என்று டி.வி. பண்டிதர்கள் எல்லாரும் சொன்ன பையன். வியாழன் போனது, வெள்ளி போனது, எடுக்கவில்லை. நடுவில் எவனோ அணி மேனேஜர் மாதிரி பேசி அவனுக்குக் குறும்பு போன் வேறு செய்தான். வெள்ளிக்கிழமை 94இல் நாங்கள் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தோம்: சாண்டர்ஸ் இல்லை, டில்லன் கேப்ரியல். சனிக்கிழமை 144இல் மறுபடி ஒரு குவார்ட்டர்பேக்: சாண்டர்ஸ். ஒரே டிராஃப்டில் இரண்டு. சாண்டர்ஸை எடுத்தது தப்பா என்று கேட்டால், இல்லை என்பேன். 144இல் அது சில்லறைக்கு வாங்கின சீட்டு, விழுந்தால் விழட்டும். எனக்குப் புரியாதது 94தான். மறுநாள் இன்னொருவனை எடுக்கிற அளவுக்கு நம்பிக்கை குறைவாக இருந்தால் முந்தின நாள் ஏன் எடுக்க வேண்டும்? அங்கே ஒரு பிட்டோனியோ உட்கார்ந்திருந்திருக்கலாம். சீசன் வந்தது. முதலில் நாற்பது வயது ஜோ ஃப்ளாக்கோ, அவரை உட்காரவைத்துவிட்டு கேப்ரியல் (ஃப்ளாக்கோவைப் பிறகு சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்), நவம்பரில் சாண்டர்ஸ். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

ஜாக்சன்வில் அந்த சீசனில் 13 ஆட்டம் ஜெயித்துத் தொலைத்தார்கள், ஹன்ட்டருக்கு முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தும்கூட. அவர்கள் ஜெயிக்க ஜெயிக்க எங்களுக்கு வரவேண்டிய பிக் கீழே கீழே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத ஊர்க்காரர்கள் தோற்க வேண்டும் என்று நானும் பெரியவரும் வேண்டிக்கொண்டோம். அடுத்தவன் கெடட்டும் என்று வேண்டினால் பலிக்காது என்று அம்மா சொல்வாள்.

இந்த வருஷ டிராஃப்ட் பிட்ஸ்பர்க்கில். எதிரி ஊர். காரில் இரண்டேகால் மணி நேரம். நம் ஆட்களுக்கு பிட்ஸ்பர்க் என்றால் வெங்கடாசலபதி கோவில். நாங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு வருவோம். பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். சப் விழுந்த ஊருக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே நிலவறைதான், வடைதான். யாரை எடுக்க வேண்டும் என்று கேட்காதீர்கள், சுவர் கட்டுகிற ஆட்களை எடுங்கள் என்றுதான் சொல்வேன். குவார்ட்டர்பேக்கை எடுத்தால் முதலில் எழுந்து ஆடப்போகிறவனும் நான்தான்.

போன வாரம் மகள் வந்து சாண்டர்ஸ் ஜெர்சி வேண்டும் என்றாள். 12ஆம் நம்பர். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் போட்டிருக்கிறார்களாம். 52 சதவீதம், மன்ஸீல், பிட்டோனியோ என்று நான் ஆரம்பித்தேன். அவள் அம்மா கிரைண்டரைத் தூக்கி அடியிலிருந்த துணியை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வாங்கிக் குடுங்க. இது நைஞ்சு போச்சு" என்றாள்.